வாசகர் கேள்வி பதில்: கன்ட்ரிய விட்டு பாப்புக்குத் தாவினா என்ன ஆகும்?

என் பொண்ணு நாள் முழுக்க டெய்லர் ஸ்விஃப்ட் தான் கேக்குறா. அவங்க முதல்ல கன்ட்ரி பாடகியாம், அப்புறம் தான் பாப்புக்கு மாறினாங்களாம். நல்லா ஓடிட்டிருந்த இடத்த விட்டுட்டு இப்படி மாறுறது ரிஸ்க் இல்லையா?
- வாசகி, கோயம்புத்தூர்

ரிஸ்க் தாங்க, அதுவும் நல்ல பெரிய ரிஸ்க். கன்ட்ரின்னா அமெரிக்காவோட கிராமத்து வாசனை வீசுற பாட்டு வகை, அதுக்குன்னே தனி ரேடியோ ஸ்டேஷன், தனி சார்ட்டு எல்லாம் உண்டு. டெய்லர் ஜெயிச்சுட்டதால இப்போ ஈஸியா தெரியுது, அவ்ளோதான். 2014ல '1989' ஆல்பம் ரெடி ஆனப்ப அவங்க ரெக்கார்டு கம்பெனி தலைவர் ஸ்காட் போர்செட்டாவே மூணு கன்ட்ரி பாட்டாவது சேர்த்துக் குடும்மான்னு கேட்டுப் பார்த்தாரு, இவங்க முடியவே முடியாதுன்னுட்டாங்க. கன்ட்ரி ரேடியோவுக்கு எடுத்துட்டுப் போய் புரமோட்டும் பண்ணல. அமெரிக்காவுல முதல் வாரமே 12 லட்சத்து 87 ஆயிரம் காப்பி வித்துச்சு, 2016ல கிராமி இசை விருதுல ஆல்பம் ஆஃப் தி இயரும் வாங்கிருச்சு. இத மட்டும் பார்த்துட்டு எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும்னு நினைச்சா தப்பு.

ஃபெயித் ஹில்லப் பாருங்க. தொண்ணூறுகள்ல கன்ட்ரி ரேடியோவோட செல்லப் பொண்ணு, 1999ல வந்த 'ப்ரீத்' பாட்டு கன்ட்ரி பாப் ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டுப் போச்சு. சரி ரூட்டு கிளியர்னு நினைச்சு 2002ல 'க்ரை'ன்னு ஒரு ஆல்பம், கிட்டத்தட்ட முழுசா பாப். ஆல்பம் முதல் வாரம் நம்பர் ஒன் தான், ஆனா அதே பேர்ல சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா வந்தது கன்ட்ரி சார்ட்ல 12ஆவது இடத்தத் தாண்டல. நம்பர் ஒன்னுக்குப் பழகின ஆளுக்கு இது பெரிய அடி. 2005ல திரும்பி வந்தப்ப என்ன பாட்டோட வந்தாங்க தெரியுமா, நான் இன்னும் அந்த மிசிசிப்பி பொண்ணு தான், மாறவே இல்லன்னு சொல்ற பாட்டு. அவங்களுக்குன்னே எழுதி வாங்கினது. அது நம்பர் ஒன் ஆச்சு. கிட்டத்தட்ட மன்னிப்புக் கடிதம், என்ன, மெட்டு போட்டு குடுத்தாங்க.

இவங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, குரலும் இல்ல, டியூனும் இல்ல, ரசிகர் யாரோட ஆளுங்கிறது தான். கன்ட்ரில ஒரு சிங்கிள் சார்ட்ல மேல ஏற சில சமயம் அரை வருஷம் ஆகும், புதுசா வர்ற பாடகர் கிட்டாரத் தூக்கிட்டு ஊர் ஊரா ரேடியோ ஸ்டேஷனுக்குப் போய் அங்க மீட்டிங் ரூம்ல எந்தப் பாட்டப் போடணும்னு முடிவு பண்ற புரோகிராம் டைரக்டர் முன்னாடி உக்காந்து பாடிக் காட்டணும், இதுக்குப் பேரே ரேடியோ டூர். அப்படி வளர்ந்த ஆளுக்கு ரசிகர்னு இருக்குறவங்கள்ல பாதிப்பேர் அந்த ஸ்டேஷனோட ரசிகர் தான், ஸ்டேஷன் பாட்டப் போடலன்னா அவங்களுக்கு இந்தப் பாடகி ஞாபகமே வராது. டெய்லரும் அந்த ரூட்ல தான் வந்தாங்க, ஆனா பாட்டு அவங்களே எழுதினாங்க, மைஸ்பேஸ்னு ஒரு பழைய சோஷியல் மீடியா இருந்த காலத்துலயே ரசிகைங்களோட நேரடியா பேசிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணுங்க ரேடியோவ நம்பி இல்ல, டெய்லர் எங்க போனாலும் பின்னாடியே வந்துட்டாங்க.

மாறினதால முழுசா மாட்டிக்கிட்டவங்க யாராவது இருக்காங்களா?
- வாசகர், மதுரை

லீஆன் ரைம்ஸ். 13 வயசுல ஹிட், 14 வயசுல கிராமியில பெஸ்ட் நியூ ஆர்ட்டிஸ்ட், கன்ட்ரில இருந்து அத வாங்கின முதல் ஆள். 1997ல நடந்தது தான் தமாஷு. டயான் வாரன் எழுதின 'ஹவ் டூ ஐ லிவ்' பாட்ட லீஆனும் பாடினாங்க, டிரிஷா இயர்வுட்ங்கிற இன்னொரு கன்ட்ரி பாடகியும் பாடினாங்க, ரெண்டும் ஒரே சமயத்துல ரிலீஸ். பாப் பக்கம் லீஆன் பாடினது அமெரிக்காவோட முக்கிய பாட்டு சார்ட்டான ஹாட் 100ல 69 வாரம் உக்காந்துச்சு. கன்ட்ரி ரேடியோ மட்டும் டிரிஷா பக்கம் சாஞ்சு அத ரெண்டாவது இடம் வரைக்கும் தூக்கிட்டுப் போச்சு, லீஆனோடது அங்க 43 தான். அடுத்த வருஷம் கிராமி மேடைல லீஆன் அந்தப் பாட்டப் பாடி முடிச்சாங்க, அதே பாட்டுக்கு அவார்டு டிரிஷாவுக்குப் போச்சு! பாவம், டீன் ஏஜ் பொண்ணு வேற.

அந்த எச்சரிக்கை போதாதுன்னு 2002ல 'ட்விஸ்டட் ஏஞ்சல்'னு முழு பாப் ஆல்பம் போட்டாங்க, எடுபடல. 2005ல கன்ட்ரிக்கே திரும்பினாங்க. ஹிட் கிடைச்சுது, ஆனா பழைய உயரம் கிடைக்கல.

கன்ட்ரி ஆளுங்களுக்கு பாப் மேல ஏன் இவ்ளோ கோவம்?
- வாசகர், திருச்சி

நல்ல கேள்வி, ஏன்னா கன்ட்ரியே சுத்தமான சரக்கு கிடையாது. அம்பதுகள் கடைசில ராக் அண்ட் ரோல் வந்து அடிச்சப்ப செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி மாதிரி கன்ட்ரியோட தலைநகரமான நாஷ்வில் ஊர் தயாரிப்பாளர்களே ஃபிடில், அதான் நாட்டுப்புற பாணில வாசிக்கிற வயலின, ஓரங்கட்டிட்டு வயலின் செட்டு, கோரஸ்னு சேர்த்து பாட்ட வழவழன்னு ஆக்கினாங்க, பாட்ஸி கிளைன்ங்கிற கன்ட்ரி பாடகியோட பாட்டெல்லாம் அப்படி வந்தது தான்.

ஆனாலும் 1974ல ஆஸ்திரேலியாவுல வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் சிறந்த பாடகி விருது குடுத்ததும் பழைய ஆளுங்க கொதிச்சுப் போய் தனிச் சங்கமே ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் அதே விழாவுல சார்லி ரிச்ங்கிற கன்ட்ரி பாடகர் ஜெயிச்சவரு பேரு இருந்த கவரப் பிரிச்சு, ஜான் டென்வர்ங்கிற பாடகர் பேரப் பார்த்துட்டு, லைட்டர எடுத்து மேடையிலேயே பேப்பரக் கொளுத்திட்டாரு. டென்வர் பாப் ஆளுங்கிறதுக்கான எதிர்ப்புன்னு தான் பலரும் எடுத்துக்கிட்டாங்க. இதுல காமெடி என்னன்னா சார்லி ரிச்சே 1973ல பாப் சார்ட்ல நம்பர் ஒன் வாங்கினவரு!

இவ்ளோ ரிஸ்க் இருந்தும் பெண்கள் தான் அதிகமா மாறுற மாதிரி இருக்கே, ஏன்?
- வாசகி, சென்னை

கன்ட்ரி ரேடியோவுல அவங்களுக்கு இடம் குடுக்குறதில்லையே. 2015ல கீத் ஹில்னு ஒரு ரேடியோ ஆலோசகர், ரேட்டிங் வேணும்னா பெண்கள் பாட்டக் குறைங்க, ஆம்பளைங்க தான் சாலட்ல மெயினான கீரை, பொண்ணுங்க மேல அங்கங்க போடுற தக்காளின்னு ஓப்பனா சொல்லிட்டாரு. பெரிய ரகளை ஆச்சு. இருந்தாலும் அவரு புதுசா எதையும் கண்டுபிடிச்சு சொல்லல, பல ஸ்டேஷன்ல ஏற்கனவே நடந்துட்டிருந்ததத் தான் வாய் விட்டு சொன்னாரு. தக்காளியா இருந்து வயசாகுறதுக்கு வேற கடைல கேட்டுப் பாக்கலாமேன்னு ஒருத்தங்க கிளம்பினா நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ரெண்டு படகுலயும் கால் வெச்சு யாரும் ஜெயிக்கலையா?
- வாசகர், சேலம்

டாலி பார்ட்டன் இருக்காங்களே! 1977ல 'ஹியர் யூ கம் அகெய்ன்' பக்கா பாப் பாட்டு, ஆனா அதுல கன்ட்ரியோட அடையாளமான ஸ்டீல் கிட்டார் கேட்டே ஆகணும்னு தயாரிப்பாளர்கிட்ட அடம் பிடிச்சு வாங்கினாங்க, நாளைக்கு எவனாவது இது கன்ட்ரியே இல்லன்னா இந்தா கேளுன்னு காட்டுறதுக்கு. பாப்புல மூணாவது இடம், கன்ட்ரில நம்பர் ஒன்.

ஷானியா ட்வைன் இன்னும் ஒரு படி மேல. 2002ல 'அப்!' ஆல்பத்துல இருந்த அதே பாட்டுங்கள மூணு விதமா ரெடி பண்ணி விட்டாங்க, சிவப்பு டிஸ்க் பாப், பச்சை கன்ட்ரி, நீலம் நம்ம ஊர் சினிமாப் பாட்டு வாசனையோட, இங்கிலாந்துல பர்மிங்ஹாமச் சேர்ந்த டக்கல் சகோதரர்கள்ங்கிற தயாரிப்பாளர்கள் பண்ணினது. அமெரிக்காவுக்கு சிவப்பும் பச்சையும், வெளிநாட்டுக்கு சிவப்பும் நீலமும். கிடைச்சா ஒரு பாட்ட மூணுலயும் போட்டுக் கேளுங்க. எனக்கு பச்சை தான் பிடிச்சுது, நீலம் கொஞ்சம் ஓவர்.