பதிமூன்று மதிப்பெண் தோடி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 31. இசை கற்றதில்லை, குரலும் இல்லை. மூன்று ஆண்டுகளாகக் கர்நாடக இசை வரலாற்று நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். மேளகர்த்தா என்னும் 72 தாய் இராகங்களையும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் கச்சேரியில் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டே நொடியில் இராகத்தின் பெயரை முணுமுணுக்கும்போது கூச்சமாக இருக்கிறது. முறையாக இரசனையைக் கற்க வேண்டும் என்று தொலைநிலைக் கல்வியில் இசை முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா என யோசிக்கிறேன். கடைசித் தேதி இந்த மாதம் 20. பாடத் தெரியாதவன் இசை வரலாறும் இரசனையும் மட்டும் படிப்பது சரியா? அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? மேல்நாட்டில் எந்தத் துறை மாணவரும் இசை இரசனையை ஒரு பாடமாக எடுக்கலாமாமே, இங்கே ஏன் அப்படி இல்லை? ‘தெலுங்குக் கீர்த்தனையைப் படித்துத் தமிழனுக்கு என்ன ஆகப்போகிறது’ என்று என் நண்பன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

எஸ்., மதுரை
(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது)

அன்புள்ள எஸ்.,

உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் ‘இரசனை’ என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. எண்ணினேன். ஒரு பாட்டின் பெயர் இல்லை. ஒரு பாடகரின் பெயர் இல்லை. ‘நேற்று இரவு இதைக் கேட்டேன், தூக்கம் போயிற்று’ என்று ஒரு வரி இல்லை. சமையல் புத்தகத்தை மூன்று ஆண்டு மனப்பாடம் செய்துவிட்டு, இன்னும் பசிக்கிறதே, மேற்கொண்டு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே புத்தகத்தைத் தின்றவன் நான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்பதை உங்கள் வங்கியின் ஊழியர் பிரிவில் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். நண்பருக்கு ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகர’த்தை வாங்கிக் கொடுங்கள். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்து சம்பாதித்த ஒரு கிறித்தவர், தமிழிசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்து 1917இல் வெளியிட்ட நூல். நண்பர் அதைப் படித்து முடிக்கும் வரை உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார். படித்து முடித்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

இனி என் கதை. 1984இல் முதுகலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். ‘இசை வரலாறும் இரசனையும்’ என்று ஒரு விருப்பத்தாள் இருந்தது. எளிதாக மதிப்பெண் வாங்கலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் விளிம்பு உதிர்ந்த ஒரு நோட்டைத் திறந்து, “எழுதிக்கொள்ளுங்கள்” என்பார். எழுதிக்கொள்வோம். கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தார்கள். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767. இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகி 72 மேளம் (மேளகர்த்தா) வகுத்தார். இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ பரமசிவனாலும் முடியாது என்றார். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை 19தான் என்பதையும் எழுதிக்கொண்டோம். அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பறையில் ஒரு ஸ்வரம் ஒலித்ததில்லை.

தேர்வில் ‘தோடி இராகத்தின் இலட்சணத்தை விவரி’ என்று 15 மதிப்பெண் கேள்வி வந்தது. வெளுத்து வாங்கினேன். எட்டாவது மேளம். நேத்ர சக்கரத்தில் இரண்டாவது. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதிக் கணக்கில் ‘ஹ’ எட்டு, ‘நு’ பூஜ்யம், திருப்பிப் போட்டால் 08, ஆகவே ஹனுமதோடி. சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். பஞ்சமத்தை விட்டுப் பாடும் வழக்கமும் உண்டு. இதிலிருந்து பிறந்த ஜன்ய இராகங்களில் தன்யாசி முக்கியமானது. நான்கு பக்கம். 15க்கு 13 கிடைத்தது.

தேர்வு முடிந்து, நிலுவை இல்லை என்ற சான்றில் கையெழுத்து வாங்கத் துறைக்குப் போனேன். சனிக்கிழமை மதியம். பேராசிரியர் நீண்ட விடுப்பில் இருந்தார். உள்ளே அட்டெண்டர் மட்டும், முக்காலியில் கிராமபோன் பெட்டியை வைத்துக்கொண்டு தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியும் ஒரு பீரோ நிறைய இசைத்தட்டுகளும் யாரோ துறைக்கு நன்கொடையாகக் கொடுத்தவை. மாணவருக்குத் தருவதில்லை. ஒரு தட்டு உடைந்தாலும் அட்டெண்டர் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனவே சாவி அவர் அரைஞாணில் தொங்கியது.

நாகஸ்வரம். ஏதோ பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. “என்ன இராகம் அண்ணே?” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். “தோடி. விடைத்தாள் கட்டை நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நீங்கள் எழுதவில்லையா தம்பி?”

எஸ்., அதன் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ அவமானப்பட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு மரியாதையான குரலில் ஒருவர் என்னை அவமானப்படுத்தியதில்லை.

அது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தட்டு. கோயில் புறப்பாட்டில் இரவெல்லாம் அந்த இராகத்தை வாசிக்கக்கூடியவர், பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சொச்சமும் என்று அதை மடித்துக் கொடுத்திருந்தார். முதல் பக்கம் முடிந்ததும் அட்டெண்டர் எழுந்து தட்டைத் திருப்பி, ஊசியைக் கழற்றி வேறு ஊசி பொருத்திச் சாவி கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. தேய்ந்த ஊசியைப் போட்டால் தட்டு கீறிவிடும். ஒரு சின்னத் தகர டப்பாவில் நாற்பதோ என்னவோ ஊசிகள் மிச்சம் இருந்தன. தீர்ந்தால் சென்னை மூர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். (மறு ஆண்டு அதுவும் எரிந்துபோயிற்று.) எனவே அவர் கணக்கு, சனிக்கிழமைக்கு இரண்டு ஊசி.

பேராசிரியர் திரும்பி வர ஆறு வாரம் ஆயிற்று. ஆறு சனிக்கிழமையும் போனேன். ஆறு சனிக்கிழமையும் அதே தட்டு. பீரோவில் வீணை தனம்மாள் இருந்தார், அரியக்குடி இருந்தார். “அதைப் போடுங்கள் அண்ணே” என்றால், “இது முதலில் காதில் உட்காரட்டும்” என்பார். மூன்றாம் வாரம் எனக்குச் சலித்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், கையெழுத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு ஒரு ஸ்வரத்தின் பெயரும் தெரியாது. ஆனால் ஓர் இடம் வருவதற்குச் சற்று முன்னால் வலது கை ஆட்காட்டி விரல் தானாக உயரும். “இப்போது ஊஞ்சல் வரும் பாருங்கள்” என்பார். வரும். அவர் ஊஞ்சல் என்றது நான் ‘சாதாரண காந்தாரம்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிய ஸ்வரத்தை. ஆர்மோனியத்தில் நான் எழுதிய அந்த வரிசையை நேராக அழுத்திப் பாருங்கள், தோடி வராது. வடக்கத்தியர் அதைக் கேட்டால் பைரவி என்பார்கள். தோடியின் காந்தாரம் தனக்கென்று புத்தகம் ஒதுக்கிய கட்டையில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மத்யமத்தின் பக்கம் ஏறி, இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டம்தான் இராகம். நான்கு பக்கம் எழுதிய நான் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. திருத்தியவரும் தேடவில்லை. இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தது என் கையெழுத்துக்காக இருக்கும்.

ஐந்தாம் வாரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து நாகஸ்வரம் வந்தது. உடம்பில் ஏதோ தூக்கிப்போட்டது. ஊஞ்சல்! நிறுத்தத்துக்கு முன்பே சிக்னலில் குதித்து இறங்கி, அழைப்பில்லாமல் உள்ளே போய், மேடை ஓரம் தாளம் போட்டுக்கொண்டிருந்த பையனிடம் குனிந்து, “தோடிதானே தம்பி?” என்றேன். பன்னிரண்டு வயது இருக்கும். “தன்யாசி அண்ணே” என்றான்.

அட்டெண்டரிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பரவாயில்லை, பிறந்த வீட்டு வாசலில்தானே போய் நின்றீர்கள்.” தன்யாசி தோடியின் ஜன்யம் என்று விடைத்தாளில் எழுதியவன் நான்.

உங்களிடம் இருப்பது அந்த விடைத்தாள்தான் எஸ். அதற்கு மேல் இன்னொரு விடைத்தாளுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்.

வரலாறு வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது உயிர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932இலேயே இந்திய இசைக்குத் துறை வந்துவிட்டது. அங்கே கற்பித்த பி. சாம்பமூர்த்தி எழுதிய நூல்கள் இல்லாவிட்டால் உங்கள் குறிப்பேடும் இல்லை, என் பேராசிரியரின் நோட்டும் இல்லை. ஆனால் எழுத்து காதுக்கு எவ்வளவு தூரம் துணை வரும் என்பதும் வரலாற்றிலேயே இருக்கிறது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, ஸ்வரத்தை மட்டும் எழுதினால் சாகும் என்று தெரிந்து, கமகம் என்னும் ஸ்வர அசைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு போட்டார். அந்த நூல் வெளிவந்த ஆண்டைத் தேர்வில் கேட்கிறார்கள். அந்தக் குறியீட்டில் ஒன்றைக் காட்டி ‘இதை அசைத்துக் காட்டு’ என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? உங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் குடுமியான்மலை. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்து. ஏழு இராகத் தலைப்புகள், அவற்றின் கீழ் ஸ்வர எழுத்துகள் நான்கு நான்காகக் கட்டம் கட்டியதுபோல் வரிசையாக. ர, ரி, ரு, ரெ என்று ஒரே ஸ்வரம் உயிர் மாறி மாறி வருகிறது. ‘மகேந்திரவர்மன் வெட்டியது’ என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. கல்லில் அந்தப் பெயர் கிடையாது. உருத்திராசாரியரின் மாணவனாகிய, பரம மாகேசுவரனாகிய ஓர் அரசன் என்றுதான் இருக்கிறது. ஒரு வெயில் நேரத்தில் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். எழுத்து அப்படியே இருக்கிறது, விரலால் தடவலாம்போல. அந்த ‘ரி’க்கும் ‘ரு’க்கும் தொண்டையில் என்ன வித்தியாசம் என்று உறுதியாகப் பாடிக்காட்ட ஆள் இல்லை. கல் காப்பாற்றியது அவ்வளவுதான். அந்த அட்டெண்டரைப் போல் ஒருவர் வாரா வாரம் கேட்டு, அடுத்தவனுக்கு விரல் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்திருந்தால் கதை வேறு.

மேல்நாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் இசை இரசனைப் பாடத்தில் பழைய நாளில் ஒரு தேர்வு உண்டு. ஆசிரியர் தட்டின் நடுவே எங்காவது ஊசியை வைப்பார். என்ன படைப்பு, யாருடையது, எந்தப் பகுதி என்று எழுத வேண்டும். அதை இங்கே ஒரே ஒரு பருவத்துக்கு வைத்துப் பாருங்கள், எத்தனை முதுகலைகள் தேறுகிறார்கள் என்று பார்ப்போம். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தனம்மாளின் பேரன்கள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் புல்லாங்குழலும் மிருதங்கமும் கற்பித்தார்கள். அங்கே இசையும் வரலாறும் சேர்த்துப் படித்த ஜான் ஹிக்கின்ஸ் என்ற இளைஞர் 1962இல் பட்டம் வாங்கினார். பிறகு முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனால் அவர் ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனது விஸ்வநாதன் முன்னால் உட்கார்ந்து பாடியதால்.

குரல் இல்லை என்கிறீர்கள். தொடக்கப் பாடமான சரளி வரிசையை எத்தனை நாள் பாடிப் பார்த்தீர்கள்? ஒரு நாளும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களை யாரும் மேடையில் ஏற்றப்போவதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ‘ஸரிகம’ என்று நீங்களே தடுமாறினால்தான் அடுத்தவர் தடுமாறாமல் போகிற இடம் தெரியும். பக்கத்து இருக்கைக்காரரை விட்டுத்தள்ளுங்கள். முணுமுணுப்பவர்களில் பாதிப் பேர் நான் மண்டபத்தில் ‘தோடிதானே’ என்றதைப் போலத்தான்.

இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இன்று தொலைபேசியிலேயே கிடைக்கிறது. ஊசிக் கணக்கு இல்லை, அதுதான் உங்கள் கெடுதல். தாராளமாகக் கிடைப்பதால் ஒன்றை முழுதாகக் கேட்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவீர்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம். கையில் பேனா வேண்டாம். ஏழாம் வாரம் எனக்கு எழுதுங்கள், ‘இரசனை’ என்ற சொல் இல்லாமல்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி என்று ஏதோ கேட்டிருந்தீர்கள். இப்போதுதான் கடிதத்தை மறுபடி பார்த்தேன். 20. இன்று 23. பெரும்பாலும் தாமதக் கட்டணத்தோடு வாங்கிக்கொள்வார்கள், விசாரித்துப் பாருங்கள்.