இயேசு எடுத்துக்கொண்டது எந்த மாம்சம்?

கேள்வி: இயேசு பாவமில்லாதவர், சரி. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது நம்முடைய விழுந்துபோன சுபாவமா, இல்லை ஆதாம் பாவத்தில் விழுவதற்கு முன்னிருந்த சுபாவமா?

பசிக்கிற, களைத்துப்போகிற, சாவுக்குப் பயப்படுகிற நம்முடைய மாம்சம்தான் அவருக்கும் இருந்தது. பாவத்தின் பக்கம் உள்ளுக்குள் இழுக்கிற இச்சை மட்டும் அவருக்கு இல்லை. இதுதான் என் நிலைப்பாடு. இந்த இரண்டையும் 'விழுந்துபோன சுபாவம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால்தான் இத்தனை சண்டையும் என்று நினைக்கிறேன்.

இது எனக்குப் பிடிபட்டது ஒரு சண்டே கிளாஸில். ரோமர் 8:3-ஐ வாசித்துக்கொண்டிருந்தோம். தேவன் தம்முடைய குமாரனைப் 'பாவமாம்சத்தின் சாயலாக' அனுப்பினார் என்று வருகிறது. ஒரு பையன் கேட்டான்: "சாயல்னா டூப்ளிகேட்டா அண்ணா?" நானும் யோசிக்காமல், "ஆமா, பார்க்க நம்ம மாதிரி இருந்தார், ஆனா நம்ம மாதிரி இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பிலிப்பியர் 2:7-ஐப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் 'மனுஷர் சாயலானார்' என்றுதான் இருக்கிறது. கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், ஹோமொயோமா. சாயல் என்றால் வெறும் தோற்றம் என்று வைத்துக்கொண்டால் இயேசு மனுஷனாகத் தோன்றினார், மனுஷனாகவில்லை என்று ஆகிவிடும். அதை ஆதித் திருச்சபையே கள்ள உபதேசம் என்று தள்ளியாயிற்று. நம் பேச்சு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "அப்படியே அவங்க அப்பா சாயல்" என்று ஒரு குழந்தையைச் சொன்னால், அதே ரத்தம் என்றுதானே அர்த்தம்? அதே சமயம் அப்பாவின் குடிப்பழக்கமும் குழந்தைக்கு இருக்கிறது என்று யாரும் அர்த்தம் எடுப்பதில்லை. பவுல் 'பாவமாம்சத்தில்' என்று மொட்டையாக எழுதாமல் 'சாயலாக' என்று சேர்த்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்காக ஊழியத்தையே இழந்தவர் ஒருவர் உண்டு. எட்வர்ட் இர்விங், 1792-ல் ஸ்காட்லாந்தின் அன்னன் ஊரில் பிறந்தவர். லண்டனில் இவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. 1827-ல் ரீஜென்ட் சதுக்கத்தில் பெரிய ஆலயமே எழும்பியது. அதே வருஷம் ஹென்றி கோல் என்ற ஆங்கிலிக்கன் போதகர் இவருடைய பிரசங்கம் ஒன்றைக் கேட்டு அதிர்ந்துபோய், இவரிடமே நேரில் விளக்கம் கேட்டு, பிறகு கண்டனக் கடிதம் ஒன்றை அச்சிட்டுவிட்டார். கிறிஸ்துவின் சரீரத்தைப் 'பாவமுள்ளது' என்று சொன்னார் என்பது குற்றச்சாட்டு.

இர்விங் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டால் அவ்வளவு பயங்கரமாக இல்லை. மரியாளிடம் பெற்ற மாம்சம் நம்முடையதைப் போன்றதே. ஆனால் பரிசுத்த ஆவியானவர் அதைக் கருவிலிருந்தே காத்ததால் இயேசு ஒருமுறைகூடப் பாவம் செய்யவில்லை. அவ்வளவுதான். ஆனால் அவரை விசாரித்தவர்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள். அவர்கள் உபதேசத்தில் விழுந்துபோன சுபாவத்தோடு ஆதாமின் குற்றமும் சேர்ந்தே வரும். ஆகவே 'விழுந்த மாம்சம்' என்றாலே அவர்கள் காதில் 'குற்றவாளி' என்றுதான் விழுந்தது. 1832-ல், ஆராதனையில் அந்நியபாஷை பேச இடம்கொடுத்த விவகாரத்தில், ரீஜென்ட் சதுக்க ஆலயம் கைவிட்டுப் போயிற்று. 1833 மார்ச்சில் அன்னன் பிரெஸ்பிட்டரி (அந்த வட்டாரச் சபைகளின் ஆளுகைக் குழு), சொந்த ஊரிலேயே வைத்து, குருத்துவத்தைப் பறித்தது. மறு வருஷமே கிளாஸ்கோவில் இறந்துபோனார். வயது 42.

இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்த்தும் டி. எஃப். டாரன்ஸும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள், பெரிய இறையியலாளர்கள் என்று பேரெடுத்தார்கள். இர்விங் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார், வாயும் கொஞ்சம் நீளம்.

விழுந்த மாம்சம்தான் என்கிற தரப்பார் வழக்கமாக எடுத்துக்காட்டுவது சபைப்பிதா நசியான்சுஸ் கிரகோரியாரின் வார்த்தை: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. நல்ல வாதம்தான். ஆனால் நான்காம் நூற்றாண்டில் கிரகோரியார் இதை எழுதியது, கிறிஸ்துவுக்கு மனுஷ மனமே கிடையாது என்ற அப்பொல்லினாரியுவின் போதனைக்கு எதிராக. இச்சையைப் பற்றிய கேள்விக்கு இதை நேரடியாகப் பொருத்த முடியாது.

எனக்கு ஒத்துவருவது இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். பசி, தாகம், சாவு ஆகியவற்றைக் கிறிஸ்து ஏற்றார், பாவத்தைத் தூண்டும் இச்சையை ஏற்கவில்லை என்கிறார். (சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்துவிட்டு இதைச் சொல்கிறேன், அம்மா படிக்காமல் இருக்கட்டும்.) கெத்செமனேயைப் பாருங்கள். 'இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்' என்று கேட்டது நடிப்பில்லை. உயிருள்ள எந்த மாம்சமும் சாவைக் கண்டு ஒதுங்கத்தான் செய்யும், அதில் பாவமில்லை. ஏழாம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் என்ற துறவி இந்த ஜெபத்தை வைத்துத்தான் கிறிஸ்துவுக்கு மனுஷ சித்தமும் உண்டு என்று வாதாடினார்.

என் நண்பன் ஒருவன் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரன். அவன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவர்கள் சபையிலேயே இது ஆறாத புண். விழுந்த சுபாவம்தான் என்று 1888 காலத்தில் அவர்களுடைய போதகர்கள் வேகனரும் ஜோன்ஸும் போதித்தார்கள். 1957-ல் வந்த ஒரு சபை வெளியீடு வேறு மாதிரி சொல்ல, ஆண்ட்ரியாசன் என்ற மூத்த போதகர் கொதித்தெழுந்தார். நண்பன் கேட்பது இதுதான்: "இச்சையே இல்லாதவர் 'எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார்' என்று எபிரெயர் 4:15 எப்படிச் சொல்லும்?" நான் யாக்கோபு 1:14-ஐக் காட்டுவேன். அவனவன் 'சுய இச்சையினாலே' இழுக்கப்பட்டுச் சிக்குண்டு சோதிக்கப்படுகிறான் என்கிறது அது. அந்த இச்சை இயேசுவுக்கும் இருந்தது என்று சொல்ல உனக்குத் துணிவு இருக்கிறதா என்பேன். "அப்போ அவருக்கு ரொம்ப சுலபமாப் போச்சே" என்பான் அவன். நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு கல்லை அப்பமாக்கச் சொன்னால் சுலபமா என்பேன் நான். அதற்குள் டீ ஆறியிருக்கும்.