வேறு கம்பெனி பெயின்டில் அதே கரும்பச்சை கிடைக்குமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் பாட்டில் கிரீன் எனாமல் அடித்தோம். இப்போது மாடியில் அறை கட்டிப் புது மர ஜன்னல் வைத்திருக்கிறோம். பழைய கம்பெனி பெயின்ட் எங்கள் பக்கத்துக் கடையில் வருவதில்லை. டின் மூடியில் இருந்த கலர் நம்பரைச் சொல்லி வேறு கம்பெனியில் கலக்கி வாங்கினோம். அடித்துப் பார்த்தால் நீலம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. ராத்திரி லைட் போட்டால் கறுப்பாகவே தெரிகிறது. மிஷின் சரியாகத்தான் கலந்தது என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?"

கடைக்காரர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். மிஷின் தனக்குக் கொடுத்த அளவை ஊற்றிவிட்டது. அந்த அளவு உங்கள் கதவைப் பார்த்துப் போட்டது இல்லை, அதுதான் சிக்கல்.

ஏஷியன், பெர்ஜர், நெரோலாக், டியூலக்ஸ் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி கலர் சாந்து (மிஷின் ஊற்றும் அடர்த்தியான நிறக் குழம்பு). ஒரு கம்பெனியின் நம்பரை இன்னொரு கம்பெனி கணினியில் தட்டினால் பல சமயம் ஒரு ஃபார்முலா வந்துவிடும். மற்றவர்களுடைய ஷேட் கார்டைக் கருவியில் அளந்து, தங்களிடம் இருக்கும் சாந்துகளால் அதற்குக் கிட்டத்தட்ட வருகிற மாதிரி போட்டு வைத்த கணக்கு அது. வெளிர் பச்சை, சந்தனம் போன்ற கலர்களுக்கு அது பெரும்பாலும் போதும். வெள்ளையே அதிகம் இருப்பதால் சின்னப் பிசகு அமுங்கிவிடும். கரும்பச்சையில் அப்படி நடக்காது. அதை வெள்ளை நிறமி இல்லாத அடிப்படைப் பெயின்டான கிளியர் பேஸில்தான் கலக்குவார்கள். தெரிகிற நிறம் முழுக்க ஊற்றிய சாந்தின் நிறம். தாலோ பச்சை என்கிற நிறமி மிகவும் வீரியமானது, சொட்டுக் கணக்கில் கூடினாலே கலர் நீலப் பக்கம் சாய்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ராத்திரி கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. ஒரே பச்சைக்கு ஒரு கம்பெனி தாலோ பச்சையோடு மஞ்சள் ஆக்ஸைடும் கறுப்பும் சேர்க்கும். இன்னொன்று நீலத்தையும் மஞ்சளையும் கலந்து அதே இடத்துக்கு வரும். பழைய எனாமல்களில் ஈயம் கலந்த குரோம் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் சேர்ந்த பச்சை நிறையப் புழங்கியது. இப்படி வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு பச்சைகள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியலாம், மஞ்சள் எல்.இ.டி. பல்பின் கீழே பிரிந்துவிடலாம். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். எந்தக் கடையிலும் இதை முழுசாக ஒழிக்க முடியாது. அதனால்தான் சாம்பிளைக் கடையின் டியூப்லைட்டில் மட்டும் பார்த்துச் சரி என்று தலையாட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இதையெல்லாம்விட என்னிடம் வரும் கரும்பச்சைச் சண்டைகளில் அதிகம் ஏமாற்றுவது பளபளப்பு. எந்தப் பெயின்டின் மேற்பரப்பும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தை உள்ளே விடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். வெளிர் சுவரில் 60, 70 சதவீதம் திரும்பி வருவதால் இந்த 4 ஒரு பொருட்டே இல்லை. கரும்பச்சையில் மொத்தமாகத் திரும்புவதே பத்துக்குக் கீழே. அதில் 4 என்பது கிட்டத்தட்ட பாதி. ஹை கிளாஸ் (அதிகப் பளபளப்பு) எனாமலில் அந்த 4 கண்ணாடி போல ஒரே திசையில் போய்விடும், நம் கண்ணுக்கு ஆழமான பச்சை தெரியும். சாட்டின் (மங்கிய பளபளப்பு) ஃபினிஷில் அதே 4 எல்லாப் பக்கமும் சிதறும், பச்சைக்கு மேல் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கலவை அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு கலராகத்தான் தெரியும். ஆகவே கலரைத் திருத்தச் சொல்லும் முன், புது டின்னில் கிளாஸ் என்று இருக்கிறதா சாட்டின் என்று இருக்கிறதா பாருங்கள். பழையது கிளாஸ் எனாமல் என்றால் புதியதும் கிளாஸ் எனாமலாகவே இருக்கட்டும். வாட்டர் பேஸ் எனாமல் நல்ல சரக்குதான், ஆனால் பழைய ஆயில் எனாமலுக்குப் பக்கத்தில் அதை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நிம்மதி இருக்காது.

சரி, இனி செய்ய வேண்டியது. நம்பரை மறந்துவிடுங்கள். பொருளையே எடுத்துக்கொண்டு போங்கள். பழைய வெண்டிலேட்டர் பலகை ஒன்றையோ சின்ன ஜன்னல் கதவு ஒன்றையோ ஸ்க்ரூ கழற்றி எடுத்தால் போதும். அளக்கும் கருவிக்குத் தட்டையான, கீறல் இல்லாத இடம் வேண்டும். தீப்பெட்டி அகலம் இருந்தால் தாராளம். மேற்பரப்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வெயில் படும் பக்கம் விரலால் தேய்த்தால் பச்சைப் பொடி ஒட்டுகிறதா? பெயின்ட் வெளுத்துப் பொடி கிளம்பியிருக்கிறது. அந்த இடத்தை ஈரத்துணியால் ஒரு தடவை நனைத்துப் பார்த்தால், ஈரம் இருக்கும் வரை பழைய ஆழமான பச்சை எழும்பும். அப்புறம் காய்ந்ததும் மறுபடி வெளுப்பு.

இங்கே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொருந்த வேண்டியது அன்று அடித்த பச்சைக்கா, இன்று கண்ணில் படும் பச்சைக்கா? பழைய ஜன்னல்களை அப்படியே விடுவதாக இருந்தால் இன்றைய வெளுத்த முகத்தைக் காட்டி அளக்கச் சொல்லுங்கள். அவற்றுக்கும் ஒரு கோட் அடிப்பதாக இருந்தால் கீல் மறைவில், வெயில் படாத ஓரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் கடையில் அளக்கும் கருவி இல்லையென்றால், கலர் மிஷின் வைத்திருக்கும் பெரிய டீலரிடமோ கம்பெனியின் சொந்த ஷோரூமிலோ கேட்டுப் பாருங்கள். அளந்த பிறகு வரும் ஃபார்முலாவைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரும்பச்சையில் கருவியே பளபளப்பால் தடுமாறும். ஒரு லிட்டர் மட்டும் கலக்கி வாங்குங்கள். 200 மில்லி டப்பாவில் சோதித்தால் மிச்சம் என்று தோன்றும். அவ்வளவு சின்ன அளவில் மிஷின் ஊற்றும் சொட்டின் பிசகே கலரை மாற்றிவிடும், பெரிய டின் வேறாக வந்து நிற்கும்.

சோதிக்க ஒரு பிளைவுட் துண்டு எடுத்து, பாதியில் வெள்ளை பிரைமரும் மறு பாதியில் கறுப்பும் அடியுங்கள். அதன் மேல் புதுப் பச்சையை இரண்டு கோட், தேவைப்பட்டால் மூன்று, இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரியும் வரை அடியுங்கள். கிளியர் பேஸ் பெயின்ட் அடியை மறைப்பதில் மந்தம். வெள்ளை பிரைமர் மேல் ஒரே கோட்டில் பார்த்தால் இல்லாத நீலமெல்லாம் தெரியும். உங்கள் பெயின்டர் புது ஜன்னலுக்கு வெள்ளை பிரைமர் போட்டு எத்தனை கோட் அடித்தார் என்று கேளுங்கள். ஒரு கோட்தான் என்றால், இன்னொரு கோட் ஏறிய பிறகு உங்கள் குறையில் பாதி தானாகவே போய்விடலாம். இனிமேல் அடிக்கும் ஜன்னல்களுக்குச் சாம்பல் நிறப் பிரைமர் கேட்டு வாங்குங்கள், கரும்பச்சைக்கு அதுதான் பொருத்தம்.

பலகை ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும் பழைய ஜன்னலின் மேல் இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்துப் பாருங்கள். காலையில் நிழலில், அப்புறம் ராத்திரி அறை விளக்கில். தலையைச் சாய்த்துப் பளபளப்பு கண்ணில் அடிக்காத கோணத்தில் பார்க்க வேண்டும். இன்னும் நீலம் தெரிந்தால் மஞ்சள் ஆக்ஸைடு துளி சேர்க்கச் சொல்லுங்கள். கலர் கண்ணைப் பறிக்கிற அளவு துடிப்பாக இருந்தால் ரெட் ஆக்ஸைடு துளியே அடக்கும். கறுப்பை அள்ளிப் போட்டால் மஞ்சளோடு சேர்ந்து ஆலிவ் பக்கம் போய்விடும். வெள்ளை சேர்க்கவே வேண்டாம், கரும்பச்சை மாவு பூசினாற்போல ஆகிவிடும். பெயின்டர் கையால் ஸ்டெய்னர் (டப்பாவில் வரும் கலர் சாந்து) ஊற்றுவதைவிட மிஷினிலேயே திருத்துவது மேல். கை அளவு அடுத்த டின்னுக்குத் திரும்ப வராது. ஸ்டெய்னர் அதிகமானால் எனாமல் காயவும் தாமதமாகும்.

திருப்தியானதும் மொத்தத் தேவையையும் ஒரே நாளில் ஒரே பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த) பேஸில் வாங்குங்கள். எல்லா டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து மறுபடி நிரப்பிக்கொண்டு அடியுங்கள்.

இப்போது என் நேரான யோசனை: மாடி ஜன்னலும் கீழ் ஜன்னலும் ஒரே பார்வையில் படாது என்றால், இவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கண் பிடிக்கும். சுவர் மூலை திரும்பினாலே வெளிச்சம் மாறி, ஒரே பெயின்டே இரண்டாகத் தெரியும். ஒரே வராண்டாவில் பழையதும் புதியதும் வரிசையாக நிற்கின்றன என்றால், பழையவற்றுக்கும் புதுப் பெயின்டில் ஒரு கோட் ஓட்டிவிடுவது பொருத்தம் தேடி அலைவதைவிடச் செலவு குறைவு.

முதலிலிருந்தே தொடங்குபவர்கள் கம்பெனி நம்பருக்குப் பதிலாகப் பொதுத் தர நம்பர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். எனாமல்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 5இல் 227 என்பது டீப் பிரன்ஸ்விக் கிரீன். பவுடர் கோட்டிங் செய்யும் இடங்களில் ஜெர்மனியின் ரால் அட்டை புழங்கும். அதில் 6005 மாஸ் கிரீன், 6009 ஃபர் கிரீன். இரும்பு கேட்டைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் கேட்டின் ரால் நம்பரை முடிவு செய்து, அதற்குப் பொருந்த மரத்துக்கு எனாமல் கலக்குங்கள். எனாமலைப் பத்து விதமாக மாற்றிக் கலக்கலாம், பவுடரை அப்படிக் கலக்கித் தரமாட்டார்கள்.

பழைய கதவைத் தேய்க்கும் முன் இதைக் கவனியுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். உங்கள் கதவுக்கு அடித்தது அதற்கு முன்னால், அதுவும் அழுத்தமான பச்சை. ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவோ நெருப்பு காட்டிச் சுரண்டவோ விடாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், பெயின்டர் மூக்குக்கு நல்ல மாஸ்க் கட்டட்டும், வடியும் பச்சைத் தண்ணீரைப் பழைய துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்கும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.