சரணத்தை விடாமல் பாடுங்கள்: கீர்த்தனையும் தேவ நடத்துதலும் குறித்த கேள்வி பதில்

நம் மண்ணில் பிறந்த கிறிஸ்தவப் பாடல்களைப் பற்றியும், அவற்றைப் பாடும் வேளையில் தேவனுடைய நடத்துதலை, அதாவது அவர் காட்டும் வழியை, அறிவது பற்றியும் பல ஊர்ச் சபை உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, நெல்லைப் பகுதி ஆலயம் ஒன்றில் 32 ஆண்டுகள் பாடகர் குழுவை நடத்திய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (பெங்களூரில் பணிபுரியும் சகோதரி): ஐயா, இந்த வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போவதா என்று இரண்டு மாதமாக ஜெபித்து வருகிறேன். சென்ற வாரம் கைபேசியில் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடிக்கொண்டிருந்தபோது, பயப்படாமல் புறப்பட்டுப் போ என்ற பொருளில் ஒரு பாட்டு வந்தது. என்னை அறியாமல் அழுதுவிட்டேன். இதைத் தேவனுடைய பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசமாட்டேன், சகோதரி. ஆனால் கண்ணீர் வேறு, கட்டளை வேறு. நீங்கள் முன்பு எவற்றைக் கேட்டீர்களோ அவற்றைக் கணக்கு வைத்துக்கொண்டுதான் அந்தக் கைபேசி அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஆறுதல் பாடல்களையே இரண்டு மாதமாகக் கேட்டவருக்கு ஆறுதல் பாடல் வருவதில் வியப்பில்லை. கர்த்தர் அதையும் பயன்படுத்த வல்லவர்தான். ஆயினும், அது ஒன்றையே நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

வேதத்தில் இதற்கு நேராக ஓர் இடம் உண்டு. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 3ஆம் அதிகாரத்தில், தண்ணீர் இல்லாமல் தவித்த மூன்று ராஜாக்கள் எலிசாவிடம் வழி கேட்க வருகிறார்கள். இஸ்ரவேலின் ராஜாவைக் கண்டு எலிசாவுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு அவர் தீர்க்கதரிசனம் சொல்லவில்லை, ஒரு வாத்தியக்காரனை அழைத்து வரச் சொல்கிறார். அவன் வாசித்தபோது கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, வாசிப்பு முடிந்தபின் வந்த வார்த்தை எப்படிப்பட்டது என்பதே. பள்ளத்தாக்கு முழுவதும் வாய்க்கால் வெட்டுங்கள் என்பது அந்த வார்த்தை. காற்றும் இல்லை, மழையும் இல்லை, வெட்டுகிறவனுக்கு முதுகு வலிக்கும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இசை எலிசாவின் மனத்தை அடக்கிச் செவியைத் திறந்தது. வழியைச் சொன்னது இசை அன்று.

நானும் இதில் தவறியவன்தான். 24 வயதில் ஒரு கன்வென்ஷன் இரவில், கடைசிப் பாட்டின் வேகத்தில், வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று கையை உயர்த்திவிட்டேன். எங்கள் ஊர்ச் சபையைக் கவனித்துவந்த உபதேசியார் ஒன்றும் மறுத்துப் பேசாமல், "தம்பி, பாட்டு இல்லாமல் நாற்பது நாள் இதையே ஜெபித்துவிட்டு வா" என்றார். பத்தாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. என்னை அசைத்தது அந்த ஆர்மோனியக்காரரின் விரல்கள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்தப் பாட்டைச் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, வேதத்தை வரிசையாக வாசித்து, உங்களை நன்கு அறிந்த இருவரிடம், அவர்களில் ஒருவராவது உங்கள் விருப்பத்துக்கு எதிராகப் பேசக்கூடியவராக இருக்கும்படி பார்த்து, ஆலோசனை கேளுங்கள். அதன் பிறகும் அதே எண்ணம் நிலைத்து நின்றால் அப்போது பேசுவோம்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டு, நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனை இரண்டையும் எங்கள் ஆலயத்தில் பாடுகிறோம். பாமாலையை மதிக்கிறேன், ஆனால் கீர்த்தனைதான் உள்ளே போகிறது. இது வெறும் பழக்கமா ஐயா?

பதில்: பழக்கமும் உண்டு, தம்பி. ஆனால் மொழியின் காரணம் அதைவிடப் பெரியது. 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய காலந்தொட்டு, ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி அதே மெட்டில் பாடும் வழக்கம் வளர்ந்தது. அங்கே மெட்டு முதலில் பிறந்துவிட்டது. தமிழ்ச் சொல் பின்னால் வந்து அதற்குள் நுழைய வேண்டியிருந்தது. தமிழ் குறிலும் நெடிலுமாக நடக்கும் மொழி. மெட்டு நீள்கிறதே என்று குறிலை நீட்டினால் விடு என்பது வீடு ஆகும், மனம் என்பது மானம் ஆகும். பாடுகிறவன் பொருளைப் பிடிப்பதற்குள் அடி கடந்துவிடுகிறது.

கீர்த்தனையில் சொல்லும் மெட்டும் கூடவே பிறந்தவை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குச் சென்று, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியுடன் பயின்றவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற நம் கட்டமைப்பிலேயே அவர் பாடினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, இவை சபையார் அனைவரும் பாடும் பாட்டாகும் வழி திறந்தது. தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரும் இந்த மரபில் வந்தவரே. அவர் 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெரும் இசை ஆய்வு நூலை வெளியிட்டதை இன்று இசைக்காரர்கள் அறிவார்கள். நம் சபையார் பலர் அறியார் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இவ்வளவையும் சொன்னபின் ஒன்றை மறைக்கக் கூடாது. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று புதிய மிஷனரிகள் வலியுறுத்தியபோது சாஸ்திரியார் அதை எதிர்த்து நின்றார். மண்ணில் பிறந்ததெல்லாம் மண்ணின் நல்லதை மட்டும் கொண்டு வருவதில்லை. பாட்டை நேசியுங்கள், பாடியவர் சொன்ன அனைத்தையும் வேதவாக்காக்க வேண்டாம்.

கேள்வி (மதுரை, பாடகர் குழு உறுப்பினர்): ஆராதனைக்குப் பறை கொண்டுவரலாம் என்றோம். மூத்தவர்கள் சிலர், "அது சாவு வீட்டு மேளம்" என்று மறுத்துவிட்டார்கள். கீபோர்டுக்கு மறுப்பில்லை. தங்கள் கருத்து என்ன?

பதில்: சாவு வீட்டு மேளம் என்ற சொல்லில், வாசிக்கிறவர் யார் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது, அதை மூத்தவர்களிடம் மரியாதையாக, ஆனால் நேராகக் கேட்டுவிடுங்கள். உங்கள் ஊர் அரசரடியிலேயே இதற்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று பலரும் அன்போடு அழைத்தவர், நாட்டுப்புற மெட்டிலும் கிராமத்துப் பேச்சு மொழியிலும் வழிபாட்டையே அமைத்துக் காட்டினார். பாகவதர் குரல் இல்லாதவரும், எழுத்து தெரியாதவரும், வயலில் நிற்பவரும் அதைப் பாட முடிந்தது. வேண்டியபடி மாற்றியும் பாட முடிந்தது.

கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடி வளர்ந்த எனக்கு முதலில் அது காதில் ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் உறைத்தது: நான் "நம் இசை" என்று சொல்லி வந்தது ஊரில் பாதிப் பேருக்கு நம் இசையாகவே இருந்ததில்லை. தேவன் யார் வழியாகவெல்லாம் பேசுவார் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், நடத்துதலுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? ஆகவே கொண்டுவாருங்கள். ஆனால் வேடிக்கைக்காக ஒரு நாள் மட்டும் கொண்டுவராதீர்கள். வாசிக்கத் தெரிந்தவரை வாடகைக்கு அழைக்காமல், பாடகர் குழுவில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): சினிமா மெட்டில் கிறிஸ்தவப் பாட்டு எழுதுவது சரியா?

பதில்: பிறர் வைத்திருந்த வடிவத்தை எடுத்தாள்வது பாவம் என்றால் சாஸ்திரியாரே தப்பமாட்டார். குறவஞ்சி என்பது உலாவரும் தலைவனைக் கண்டு காதல்கொண்ட பெண்ணுக்குக் குறத்தி குறி சொல்லும் நாடகம். சரபோஜி மன்னர்மீதே அப்படி ஒன்று பாடப்பட்டிருக்கிறது. அந்த வடிவத்தில்தான் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி எழுந்தது. ஆனால் அவர் வடிவத்தை எடுத்துத் தம் சொல்லால் நிரப்பினார். சினிமா மெட்டோ தன் பழைய சொல்லையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். வாய் ஒன்றைப் பாட, மனத்தில் வேறொரு காட்சி ஓடும். சட்டப்படி அந்த மெட்டுக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதும் உண்டு. எனவே வேண்டாம் என்பேன்.

கேள்வி (நாகர்கோவில்): எங்கள் சபையில் ஒரு சகோதரர், ஆவியானவர் கொடுத்த பாட்டு என்று வாரம் ஒன்று கொண்டுவருகிறார். சில வரிகள் வேதத்தோடு ஒத்துப்போகவில்லை. சொல்லத் தயங்குகிறோம்.

பதில்: ஆவியானவர் கொடுத்தது என்று முத்திரை குத்திவிட்டால் சந்திப்பிழையைக்கூட யாரும் திருத்த முடியாமல் போகிறது. ஆனால் பவுல், தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்களையே மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். பாட்டு மட்டும் அதற்கு மேற்பட்டதா? கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் முன்மாதிரியை அந்தச் சகோதரருக்குச் சொல்லுங்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற அவருடைய காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது 1894இல். அவ்வளவு தமிழறிந்தவரே காலமெடுத்துச் செதுக்கினார் என்றால், வாரம் ஒரு பாட்டு என்ற கணக்கு எதற்கு? கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய், ஒரு வரியை மட்டும் எடுத்து, இந்தக் கருத்து வேதத்தில் எங்கே இருக்கிறது அண்ணா என்று கேளுங்கள். நல்ல மனிதர் என்றால் அடுத்த பாட்டை அவரே முதலில் உங்களிடம் காட்டுவார்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): கணவர் இறந்து ஓராண்டாகிறது. பாடினால் ஒன்றும் உணர்வதில்லை. எல்லோரும் கைதட்டிப் பாடும்போது நான் மட்டும் கல்லாக நிற்கிறேன். தேவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாரா?

பதில்: இல்லை, அம்மா. உணர்வு வருவதுதான் தேவன் பேசுவதற்கு அடையாளம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பிழை செய்தார்கள். ஓரேப் மலையில் எலியாவுக்குக் காற்றிலும் நிலநடுக்கத்திலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை. அதன் பின்னரே அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் கடைசி வரி வரையிலும் வெளிச்சம் இல்லை. ஆயினும் அது பாடல்களின் புத்தகத்தில் இருக்கிறது. இப்போதைக்குக் கைதட்டும் பாட்டுகளை விட்டுவிடுங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உங்கள் பங்கையும் சேர்த்துச் சபை பாடட்டும், சபை இருப்பது அதற்கும்தான்.

கேள்வி (திருச்சி): எனக்குச் சுருதி சேரவே சேராது. வாயசைத்தால் போதுமா?

பதில்: போதாது, பாடுங்கள். பக்கத்தில் நிற்பவர் பொறுத்துக்கொள்வது அவருடைய கிறிஸ்தவக் கடமை.

கேள்வி (பாளையங்கோட்டை, இளம் தம்பதியர்): வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்கியிருக்கிறோம். பாட்டோடு அமைதியாகக் கேட்பதையும் எப்படிப் பழகுவது? பிள்ளைகள் இருவர், ஐந்து வயதும் எட்டு வயதும்.

பதில்: முதலில், சரணங்களை விடாதீர்கள். ஆலயத்தில் நேரமில்லை என்று "முதல் சரணம், இரண்டாம் சரணம், கடைசிச் சரணம்" என்று அறிவிக்கும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. கீர்த்தனையில் பல்லவி அழைக்கும். கதையும் காரணமும் சரணங்களில்தான் ஓடும். நடுவில் மூன்றைத் தாண்டிவிட்டால், கடிதத்தின் முதல் வரியையும் கையெழுத்தையும் மட்டும் படித்தது போலாகும். ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்று பவுல் சொன்னதில் இரண்டாம் பாதி நம்மிடம் நழுவிப் போனது இதனால்தான்.

ஒரு வாரம் முழுவதும் ஒரே கீர்த்தனையை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு சரணம் புதிதாகச் சேருங்கள். புரியாத பழஞ்சொல் வந்தால் அதை எட்டு வயதுக்காரரிடம் கேட்டு, அவருக்கு விளக்கும் சாக்கில் நீங்களும் அகராதி பாருங்கள். பாட்டு முடிந்ததும் உடனே ஜெபத்துக்குத் தாவ வேண்டாம். அரை நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். ஐந்து வயதுக்காரருக்கு அதுவே நீளம். அப்புறம் ஒரு சங்கீதம் வாசியுங்கள். பாட்டிலோ சங்கீதத்திலோ எந்தச் சொல் தங்கியது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும், விளக்கம் வேண்டாம்.

புத்தாண்டு இரவில் வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுப்பதுபோல், தங்கிய சொல்லை அந்த நாளின் குறியாக மாற்றிவிடாதீர்கள். அதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து, ஏதாவது முடிவெடுக்க வேண்டிய வேளையில், அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே சொல் வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாட்டில், வெவ்வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதைக் குறித்து உங்கள் குருவானவரிடம் பேசலாம்.

ராகம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகியிருந்தாலும், ஊருக்கு ஊர் மெட்டு கொஞ்சம் மாறித்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைப் பாடச் சொல்லிக் கைபேசியில் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள், எல்லாச் சரணங்களையும்.