இலவசக் கொசுவலையும் ஒரு கிலோ பருப்பும்: கேள்வி பதில்

கே: கொசுவலையைச் சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்கிறார்களே?

ப: உதவி நிறுவனங்கள் பலவும் வெகுகாலம் அப்படித்தான் நம்பின. பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்கலின் டூபாவும் ஜெசிகா கோஹனும் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். எந்த நிலையத்தில் இலவசம், எங்கே என்ன விலை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். இலவசத்திலிருந்து விலை 40 ஷில்லிங்குக்கு ஏறியதும் வலை பெற்றவர்கள் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்துபோனார்கள். சரி, காசு கொடுத்தவர்களாவது வலையை ஒழுங்காகக் கட்டித் தூங்கினார்களா? வீட்டுக்கே போய்ப் பார்த்ததில், இலவசமாகப் பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தவில்லை.

கே: ஓசியில் பழகியவர் அடுத்த முறை காசு கொடுப்பாரா?

ப: கொடுத்தார்கள். முதல் வலையைப் பெரும் மானியத்தில் பெற்றவர்களே ஓராண்டு கழித்து இன்னொன்றை விலைக்கு வாங்க அதிகம் முன்வந்தார்கள் என்று டூபா 2014இல் எழுதினார்.

கே: ஏழைகள் உடம்புக்குச் செலவே செய்வதில்லையா?

ப: நன்றாகவே செய்கிறார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டீட்டன், டுஃப்ளோ மூவரும் கணக்கெடுத்தபோது குடும்பச் செலவில் சுமார் 7 சதவீதம் வைத்தியத்துக்குப் போனது. பெரும்பகுதி தனியாரிடமும், போபா எனப்படும் மந்திரிப்பவர்களிடமும். அரசின் துணை சுகாதார நிலையங்கள் பாதிக்கு மேற்பட்ட நேரம் பூட்டியே கிடந்தன. ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பவர்களிடம் இந்தப் பூட்டைத்தான் முதலில் காட்டுவேன்.

கே: குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர்களுக்கு ஓர் அமைப்பு பருப்பு கொடுத்ததாமே, அது லஞ்சம் மாதிரி இல்லையா?

ப: எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊசியின் பலன் என்றோ வரும். தாய்க்கு அன்றைய கூலி இன்றே போகிறது. அதே உதய்ப்பூரில் சேவா மந்திர் என்ற தொண்டு அமைப்பு தவறாமல் தடுப்பூசி முகாம் நடத்தியது. முகாம் இல்லாத ஊர்களில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம், முகாம் இருந்த ஊர்களில் 18. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, முடித்தால் தட்டு என்று சேர்த்த இடங்களில் 39. இன்னொன்று, செவிலியர் எப்படியும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால், கூட்டம் கூடியபோது ஒரு குழந்தைக்கான செலவு குறைந்தது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிக்கவில்லை, அதையும் மறக்கக் கூடாது.

கே: குடற்புழு மாத்திரை கல்வியையே மாற்றியதாமே?

ப: கென்யாவின் புசியாவில் பொருளாதார ஆய்வாளர்கள் கிரெமரும் மிகெலும் 75 பள்ளிகளில் செய்த ஆய்வு அது. பள்ளிக்கு வராமை கால்பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. அக்கம்பக்கப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற பகுதியை 2015இல் வேறு ஆய்வாளர்கள் மறுகணக்குப் போட்டுக் கேள்வி கேட்டார்கள். மாத்திரை மலிவு என்பதால் நான் இன்னும் ஆதரிக்கிறேன்.