அந்த ஊருக்குப் பட்டம் வைகாசி

அக்கா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறாய், அதனால் நானும் நீ என்றே எழுதுகிறேன். போன ஆகஸ்டில் கனடாவுக்கு, டொரான்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்தாய். தமிழ்க் கடையில் வாங்கிய கறிவேப்பிலைத் தொட்டி பேஸ்மென்ட் ஜன்னலோரம் ஒரு இலைகூட இல்லாமல் குச்சியாக நிற்கிறது. வீட்டுக்காரம்மா பின்பக்கத் தோட்டத்தை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார், அங்கே ரோஜாவெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. மார்ச்சிலேயே ஞாயிற்றுக்கிழமை 14 டிகிரி என்று போன் காட்டுகிறது, அன்றைக்கே செத்ததைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, கத்தரியும் அவரையும் போட்டுவிடலாமா என்று கேட்கிறாய்.

வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் டீயோடு தோட்டத்தைச் சும்மா சுற்றிப் பார். மண்வெட்டியைத் தொடாதே.

இதை ஏற்காட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாகலூர் பக்கம் தம்பிக்குக் கொஞ்சம் காபி இருக்கிறது. இங்கே ராத்திரிக் குளிருக்கு அவன் மனைவி குல்லா போட்டுக்கொண்டு நடுங்குகிறாள், நான் அரைக்கைச் சட்டையோடு வாசலில் நிற்கிறேன். 19 வருஷம் அந்த ஊர் என்னை இப்படி ஆக்கிவிட்டது. ஆனால் முதல் வருஷம் நானும் உன்னைப் போலத்தான். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்தது, அவ்வளவுதான், ஜன்னலோரம் வளர்த்த 12 தக்காளி நாற்றையும் வெளியே நட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, காற்றே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் கீரை மசித்த மாதிரி கிடக்கிறது எல்லாம். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரிதான் ஆபத்து. பகல் எத்தனை டிகிரி என்பது நமக்கு ஸ்வெட்டரைக் கழற்றத்தான் உதவும். செடிக்கு ராத்திரி எத்தனை என்று பார்க்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு சிக்கல், பனி என்ற சொல்லே. சேலத்தில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கிற ஈரம். அங்கே பனி என்றால் இலைக்குள் இருக்கிற தண்ணீரே உறைந்து, உள்ளே கிழித்துவிடுவது. பள்ளிக்கூடத்தில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று மனப்பாடம் செய்தபோது, கத்தரி வெயிலில் மண்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாடம் டொரான்டோவில்தான் எனக்குப் புரிந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்போமே, அந்த ஊருக்குப் பட்டம் வைகாசி. மே 25க்கு முந்தின திங்கட்கிழமை விக்டோரியா தினம் என்று விடுமுறை வரும். வைகாசி பிறந்து சில நாளில் வரும் அந்த விடுமுறையைத்தான் அங்கே எல்லாரும் நடவுக்குக் குறித்துவைத்திருப்பார்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அதற்கப்புறம்தான் வெளியே.

சரி, கறிவேப்பிலை. உன் முக்கியமான துக்கம் அதுதான் என்று தெரிகிறது.

என் முதல் கறிவேப்பிலையை ஒரு மார்ச் மாதம் குப்பைத் தொட்டியில் போட்டேன். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் இருந்தார். அவர் அதை எடுத்து வந்து என் வாசற்படியில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் தண்டின் அடியில் கடுகளவு பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை, ஈரமாக. "உது சாகேல்லைப் பிள்ளை, நித்திரை கொள்ளுது" என்றார். ஜூன் மாதம் அதிலிருந்து ரசத்துக்கு இலை கிள்ளினேன். நேற்று இதே வேலையைத் தம்பியின் தோட்டத்திலும் பார்த்தேன். இங்கே அறுவடை முடிந்து கவாத்து நடக்கிறது. மலைக்காரப் பெரியவர் ஒருவர், வெட்டலாமா விடலாமா என்று சந்தேகம் வருகிற காபிக் கிளையை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைக்கிறார்.

நீயும் சுரண்டிப் பார். நுனியிலிருந்து ஆரம்பி. நுனி பழுப்பாகக் காய்ந்திருந்தால் இரண்டு விரல் கீழே. அங்கேயும் பழுப்பு என்றால் இன்னும் கீழே. பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடு. அடிவரை பழுப்பாக இருந்தால்கூட உடனே தூக்கிப் போடாதே, தொட்டியிலிருந்து மெதுவாக உருவி வேரைப் பார். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் வேர்க்கன்று வரலாம், ஜூன் கடைசிவரை கொடு. கொழகொழவென்று அழுகல் வாடை அடித்தால் போய்விட்டது.

பெரும்பாலும் குளிர் அதைக் கொல்வதில்லை, தண்ணீர்தான் கொல்கிறது. பேஸ்மென்ட் ஜன்னலில் வெளிச்சமும் குறைவு, சூடும் குறைவு. இலை இல்லாத செடி எவ்வளவு குடிக்கும்? நாம் பாசத்தில் தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோம், ஈரத்திலேயே நின்று வேர் அழுகுகிறது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. துளிர் வருகிறவரை உரம் எதுவும் வேண்டாம். உன் அம்மா சொன்ன புளித்த மோர் நல்லதுதான், ஆனால் வெளியே வைத்த பிறகு. வீட்டுக்குள் ஊற்றினால் பொடிப்பொடியாகக் கொசு மாதிரி பூச்சி பறக்கும், வீட்டுக்காரம்மாவுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தண்டில் பழுப்பாகச் சின்னச் சின்ன மரு மாதிரி ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து எடு. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகு தொட்டியை வெளியே எடு, அதுவும் ஒரே நாளில் வெயிலில் வைக்காதே. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்கு. ஜன்னல் கண்ணாடிக்குள் வளர்ந்த இலை நேர் வெயிலில் வெள்ளையாக வெந்துவிடும். நாற்றுக்கும் இதே கதைதான்.

இலை கொட்டினாலே செத்ததாக நினைப்பது நம் ஊர்க் கண். ஏற்காட்டுப் பேரிக்காய் மரம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? குளிரில் மொட்டையாக நிற்கும், யாரும் அதை வெட்டுவதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், காபியோடு பேரியையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். குளிர் நாட்டு மரம், குளிர் வந்தால் தூங்கும் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. உன் வீட்டுத் தோட்டத்தில் இருப்பதில் பாதி அந்த ஜாதிதான்.

ரோஜாவுக்கு வருவோம். அடியில் மண்ணோ சருகோ குவித்து வைத்திருந்தால் ஒரேயடியாக வாராதே. ஏப்ரலில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கு. எப்போது வெட்டுவது என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம். இலை வருவதற்கு முன்னாலேயே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் ஃபோர்சிதியா என்ற புதர் உன் தெருவிலும் இருக்கும். அது பூத்தால் ரோஜாவை வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கலாம். கறுத்த கொம்பை வெட்டிக்கொண்டே வா, வெட்டுவாயின் நடுவே மெத்தென்று இருக்கிற சோற்றுப் பகுதி வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்து. சில வருஷம் தரைக்கு நாலு விரல் மேலேதான் வெள்ளை தெரியும், பயப்படாதே. அப்புறம் ஒன்று, ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் சேலத்தில் என்ன செய்வோம்? கிள்ளிப் போடுவோம். ரோஜாவிலும் அதேதான். தண்டின் அடியில் முட்டி மாதிரி தெரிகிற ஒட்டுப் பகுதிக்குக் கீழேயிருந்து வருவது வேறு ஜாதி, அதை விட்டால் இரண்டு வருஷத்தில் நல்ல ரோஜாவை அதுவே விழுங்கிவிடும்.

வேலியோரம் பழைய பூங்கொத்து காய்ந்தபடியே நிற்கிற குச்சிப் புதர் இருந்தால் அது ஹைட்ரேஞ்சியாவாக இருக்கும், ஏற்காட்டுப் பங்களாக்களில் நீலமும் ரோஸுமாகப் பார்த்திருப்பாயே. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று மொட்டையடித்துவிடாதே. அதில் பல ரகம் போன வருஷக் குச்சியில்தான் பூக்கும். நான் ஒரு தடவை அழகாக வெட்டிவிட்டு அந்தக் கோடை முழுக்க வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று. பனி உருகின ஈரத்தில் களிமண்ணை மிதித்தாலும் கொத்தினாலும் காய்ந்தபின் செங்கல்தான். ஒரு பிடி எடுத்து உருண்டை பிடி. விரலால் தட்டினால் உதிர்ந்தால் வேலை செய்யலாம், கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறு. நடைபாதை ஓரத்துச் செடிகளுக்கு மட்டும், குளிர்காலத்தில் பனி வழுக்காமல் இருக்கக் கொட்டின உப்பு இறங்கிப் போகும்படி நல்ல தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சு.

கை சும்மா இருக்காது என்றால் வீட்டுக்குள் வேலை இருக்கிறது. கத்தரியும் மிளகாயும் இப்போதே சின்னக் கப்பில் போடு, நடவுக்கு எட்டு வாரம் முன்னால் போட்டால்தான் சரியாக வரும். தக்காளி ஏப்ரல் முதல் வாரம் போதும். வெந்தயக்கீரை, முள்ளங்கி, கொத்தமல்லிக்குக் குளிர் பிடிக்கும், ஏப்ரல் கடைசியில் நேராக மண்ணில் தூவு. வெண்டையும் தண்டுக்கீரையும் ஜூனில்.

அவரையில் மட்டும் ஏமாந்துவிடாதே. நம் பந்தல் அவரை ஆடியில் போட்டுப் பகல் குறையக் குறையப் பூக்கிற ஜாதி. டொரான்டோவில் ஜூன் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். கொடி வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், ஒரு பூ வராது. செப்டம்பரில் பூக்க ஆரம்பிக்கும், காய் பிடிக்கிற நேரத்தில் உறைபனி வந்துவிடும். மூன்று வருஷம் இதில் தோற்றேன். செடி அவரை கிடைத்தால் போடு, இல்லையென்றால் பீன்ஸ்.

நேற்று உன் அம்மா அம்மாப்பேட்டையிலிருந்து போன் செய்தார். மல்லிப் பதியன் ஒன்று தொட்டியோடு தருகிறேன், கொண்டுபோய்க் கொடு என்றார். மண்ணோடு செடியைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள் என்று சொன்னேன், அவருக்கு வருத்தம்தான். மல்லி அங்கேயே வாங்கலாம், இங்கே கார்த்திகையில் செய்யும் கவாத்தை நீ மார்ச்சில் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஏப்ரல் இரண்டாம் வாரம் திரும்புகிறேன். பதியனுக்குப் பதிலாக ஜவ்வரிசி வடகம் இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறாராம், அதை மட்டும் வாங்கி வருகிறேன்.