புவனகிரியில் தள்ளிய மனு

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண் வக்கீல்கள் கூட்டத்தில், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவியின் படத்தைத் திறக்க யோசனை. 2001-ல் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவை முதல்வராக நியமித்த ஆளுநர் ஆயிற்றே என்று எனக்குத் தயக்கம். 'பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்த தலைவரை அழைத்தார், அதில் என்ன தப்பு?' என்கிறார் சீனியர் ஒருவர். உங்கள் கருத்து?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தப்புதான். உங்கள் சீனியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கடலூர்க்காரர்கள் இதை மறக்கலாமா? அந்தத் தேர்தலில் ஜெயலலிதா மனு போட்ட நான்கு தொகுதிகளில் நம் புவனகிரியும் ஒன்று. ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டை மற்றவை. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் மூன்றாண்டு தண்டனை, அதனால் தேர்தலில் நிற்கும் தகுதி போயிற்று. இரண்டு தொகுதிக்கு மேல் மனு போடவும் கூடாது. இந்தக் காரணங்களால் ஏப்ரல் 24-ல் நான்கு மனுவும் தள்ளுபடி. தேர்தல் அதிகாரி ஓர் அரசு ஊழியர். நாளைக்கே ஆட்சிக்கு வரக்கூடிய ஒரு தலைவரின் மனுவை, சட்டம் சொன்னபடி தள்ளினார். இருபதே நாளில், மே 14 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் அதே தலைவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அன்றும் எனக்கு மனம் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

சீனியர் அரசியல் சட்டத்தின் 164(4)-ஐக் காட்டுவார். எம்.எல்.ஏ. ஆகாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்கிறது அது. அந்த ஆறு மாதம் எதற்கு? தேர்தலில் நின்று ஜெயித்து வருவதற்கு. நிற்கவே தகுதியில்லாதவருக்கு ஏது அவகாசம்? செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நியமனம் செல்லாது என்றது, எத்தனை எம்.எல்.ஏ.க்கள் பின்னால் நின்றாலும் தகுதியிழந்தவரை ஆளுநர் நியமிக்கக் கூடாது என்றது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டதே என்பார்கள். மே 14 அன்று நிலைமை என்ன? சிறைத் தண்டனையைத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. ஒரு முன்சீப் கோர்ட் வக்கீலுக்குத் தெரிந்த வித்தியாசம் இது, பாத்திமா பீவிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என் ஆற்றாமையே அதுதான்.

அவர் வந்த வழி அப்படி. பத்தனம்திட்டாவில் பிறந்த முஸ்லிம் பெண். பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்று 1950-ல் கருப்புக் கோட்டு போட்டார். உச்ச நீதிமன்றம் தொடங்கியதும் அதே வருஷம்தான். 1958-ல் முன்சீப். பிறகு சப் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி என்று ஒரு படியையும் தாண்டிக் குதிக்காமல் ஏறி, 1983-ல் கேரள உயர் நீதிமன்றம், 1989-ல் உச்ச நீதிமன்றம். அங்கே ஒரு பெண் நீதிபதியாக உட்கார முப்பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. யார் தயவிலும் வந்ததல்ல அந்த நாற்காலி.

1997-ல் நம் ஆளுநர். 2001 ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதியைக் கைது செய்தார்கள்; அந்த விவகாரத்தில் ஆளுநர் கடமை தவறினார் என்று மத்திய அமைச்சரவை அவரைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தது; அவர் ராஜினாமா செய்தார். 2023 நவம்பரில், 96 வயதில் மறைந்தார்.

படத்தைத் திறங்கள் அம்மா. கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வாய்தாவுக்கு ஓடும் உங்கள் ஜூனியர் பெண்களுக்கு அந்த முகம் தெரியவேண்டும். அன்றைக்குப் பேச உங்கள் சீனியரையே கூப்பிடுங்கள். வரும்போது செப்டம்பர் 21 தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.